யூஸ் கேஸ் வரைபடம்: திரைகளைக் களைந்து தேவைகளை வரைந்த அனுபவம்

ஒரு நூலகத்தின் இரவல் மென்பொருளுக்காக என்னிடம் வந்த யூஸ் கேஸ் வரைபடத்தில் (மென்பொருளை யார், எந்தத் தேவைக்காகப் பயன்படுத்துகிறார் என்பதை, தேவைக்கொரு நீள்வட்டமாகக் காட்டும் படம்) ‘லாகின் செய்தல்’, ‘மெனுவைத் திறத்தல்’, ‘சேமி பொத்தானை அழுத்துதல்’ எனத் திரைக்கொரு நீள்வட்டம் இருந்ததே தவிர, உறுப்பினருக்கு என்ன தேவை என்பது எங்கும் தென்படவில்லை. ஆகவே ஒவ்வொரு நீள்வட்டத்தையும் எடுத்து, இது நிறைவேறினால் ஆக்டர் (மென்பொருளுக்கு வெளியே இருந்து அதைப் பயன்படுத்துபவர்) வந்த வேலை முடிந்ததென்று எழுந்து போவாரா என்று பார்த்து, போகமாட்டார் எனில் நீக்கினேன். நூலை இரவல் பெறுதல், திருப்பித் தருதல், முன்பதிவு செய்தல் ஆகியவை நிலைத்தன.

அம்புக்குறிகளுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. இரவலின்போது உறுப்பினர் அட்டையைச் சரிபார்ப்பது தவறாமல் நடப்பதால் அது இன்க்ளூட், அதாவது எப்போதும் உள்ளடங்கும் உறவு. புள்ளிக்கோட்டு அம்பு இரவலிலிருந்து சரிபார்ப்பை நோக்கிச் செல்லும். தாமதக் கட்டணம் கெடு தாண்டினால் மட்டுமே வருவதால் எக்ஸ்டெண்ட், அதாவது தேவைப்படும்போது மட்டும் சேரும் உறவு. அங்கே அம்பு கட்டணத்திலிருந்து திருப்பித் தருதலை நோக்கிப் போகும். (பழைய வரைபடங்களில் காணும் ‘யூசஸ்’ என்ற குறி, இத்தகைய வரைபடங்களுக்கான குறியீட்டு மொழியான யூஎம்எல்லின் 1.3 பதிப்பிலேயே கைவிடப்பட்டுவிட்டது.)

கெடு நினைவூட்டும் மின்னஞ்சலைத் தொடங்கிவைக்க ஆள் எவரும் இல்லாததால், ‘நேரம்’ என்பதையே அமைப்பின் எல்லைக்கோட்டுக்கு வெளியே ஆக்டராக நிறுத்தினேன். இதை ஏற்காதவர்களும் உண்டு. எனக்கு இதுவே தெளிவாகப் படுகிறது. ‘நூல் கையிருப்பில் இல்லையெனில் என்ன செய்வது’ போன்ற மாற்று வழிகளைப் படத்தில் திணிக்காமல், அந்தந்த யூஸ் கேஸின் எழுத்து விவரத்துக்கு மாற்றினேன்.