கொம்பு முதலில் வந்ததால் காணாமல் போன புத்தகங்கள்

சென்னையில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் நூலக அறிவியல் முதுகலைப் படிப்பை நடத்துகிறேன். புத்தக விவரங்களைப் பதிந்து அட்டவணைப்படுத்தும் செய்முறை வகுப்பென்றாலே மாணவர்களுக்குக் கொட்டாவி. இணையத்தில் கிடைக்கும் புத்தக விவரப் பதிவை அப்படியே இறக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

இன்னொரு பக்கம், ஃபாதர்கள் சேர்த்துவைத்த தமிழ்ப் புத்தகங்கள் கோஹா என்ற நூலக மென்பொருளில் தேடினால் வராது. பழைய பதிவுகள் எல்லாம் பாமினி எழுத்துருவில், அதாவது ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் வடிவம் கொடுக்கும் பழைய முறையில், அடித்தவை. பதிவில் தலைப்புக்கான 245ஆம் புலத்தைத் திறந்தால், தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை.

சரி, இதையே செய்முறைப் பாடமாக்கிவிடுவோம் என்று ஆளுக்கு ஐம்பது பதிவு பிரித்துக் கொடுத்தேன். யூனிகோடுக்கு மாற்றினோம். திரையில் எல்லாம் அழகாகத் தெரிந்தது. ஆனால் 'கொ', 'தோ' வருகிற தலைப்புகள் மட்டும் தேடலில் சிக்கவில்லை. ஒரு மாணவிதான் கண்டுபிடித்தாள். பாமினியில் கொம்பை முதலில் அடிப்பார்கள், பிறகு எழுத்து, பிறகு கால். எங்கள் நிரல் 'கெ'யை முதலில் மாற்றிவிட்டு, காலைத் தனியே ஒட்டியிருந்தது. கண்ணுக்கு 'கொ' தான், கணினிக்கு வேறு.

மாற்றும் வரிசையைத் திருப்பினோம்: முதலில் 'கொ', 'கோ' வரிசை, அப்புறம்தான் 'கெ', 'கே'. ஐஎஸ்பிஎன் போன்ற ஆங்கிலப் புலங்களைத் தொடாமல் விட்டோம் (முதல் முறை அதையும் மாற்றித் தொலைத்தோம்). கடைசியாக, கோஹாவின் தேடல் அட்டவணையை மறுபடி உருவாக்கினோம்.

இப்போது மாணவர்கள் தகராறு செய்வது ஆசிரியர் பெயருக்கான 100ஆம் புலத்தில்: அப்பா பெயரின் தலைப்பெழுத்தைக் குடும்பப் பெயராகப் போடலாமா கூடாதா என்று. கொட்டாவியைக் காணோம்.