கணக்குச் சந்தேகத்துக்குப் பதில் சொல்வது எப்படி

'அண்ணா, இந்தக் கணக்கு வரலண்ணா' என்று நோட்டை நீட்டியதும் பேனாவை வாங்கி நாமே போட்டுக் காட்டிவிடுகிறோம். பிள்ளை தலையாட்டும், பார்த்து எழுதிக்கொண்டு போகும், மறுநாள் அதே மாதிரிக் கணக்கில் அதே இடத்தில் நிற்கும். வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை பக்கம் வீட்டு மாடியில் டியூஷன் எடுப்பவரானாலும், வாட்ஸ்அப்பில் சந்தேகம் தீர்ப்பவரானாலும் வேலை ஒன்றுதான். பிள்ளை எந்த வரியில் தடம் மாறியது என்று கண்டுபிடித்து, அந்த வரிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிள்ளை போட்டது கண்ணில் பட வேண்டும். போட்டோ அனுப்பச் சொல்லும்போது முழுப் பக்கத்தையும் கேளுங்கள். கேள்வியின் மேல்வரியை வெட்டிவிட்டு அனுப்புவார்கள், 'கீழ்க்காண்பவற்றைக் காரணிப்படுத்துக' என்பது அதில்தான் இருக்கும். எந்த வகுப்பு, தமிழ்வழியா ஆங்கிலவழியா, மாநிலப் பாடத்திட்டமா சி.பி.எஸ்.இ.யா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே தெருவில் மூன்று வகைப் பிள்ளைகளும் இருப்பார்கள். ரப்பரால் அழிக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். தப்பென்று தோன்றினால் ஒரே கோடு போட்டு அடித்தால் போதும். அழித்த நோட்டிலிருந்து நமக்கு எதுவும் தெரியாது.

ஏழாம், எட்டாம் வகுப்பில் அடிக்கடி வருவது இது: 3எக்ஸ் = 12. பிள்ளை எழுதியிருப்பது, எக்ஸ் = 12 − 3 = 9. கவனக்குறைவு என்று கடந்துபோகாதீர்கள். 'அந்தப் பக்கம் போனா குறி மாறும்' என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், பிள்ளை அதை அப்படியே செய்திருக்கிறது. 'தப்பு, 4 தான்' என்று சொன்னால் விதி அப்படியே தங்கிவிடும். 9-ஐ எக்ஸ் இருந்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். 27 வரும், 12 வராது. பிறகு 3-க்கும் எக்ஸுக்கும் நடுவில் என்ன செயல் இருக்கிறது என்று கேளுங்கள். பெருக்கல் என்று சொன்னதும், அதை நீக்க இருபுறமும் 3-ஆல் வகுக்கும் வரியை முழுதாக எழுதவையுங்கள். ஒரு மாதத்துக்காவது 'இருபுறமும்' என்ற சொல் நோட்டில் இருக்கட்டும். குறுக்குவழி பிறகு தானாக வரும்.

பின்னக் கூட்டல் இன்னொரு நிரந்தரத் தலைவலி. 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிற பிள்ளை தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டுகிறது. பெருக்கலில் அப்படித்தானே செய்தோம் என்பது அதன் நியாயம். எல்.சி.எம். எடு என்று உடனே சொல்லாமல், '2/5 பாதியைவிடப் பெருசா, சின்னதா?' என்று கேளுங்கள். சின்னது. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு பாதியைவிடக் குறைந்துபோனது எப்படி என்று பிள்ளையே விழிக்கும். அந்த நேரத்தில் ஒரு காகிதப் பட்டையை 6 சம மடிப்பாக மடித்துக் கொடுங்கள். பாதி 3 மடிப்பு, மூன்றில் ஒன்று 2 மடிப்பு, மொத்தம் 5/6. எதற்கு 6 என்பது அப்போது விளங்கும், எல்.சி.எம். அதற்குப் பிறகு பேசலாம்.

கன அளவுக் கணக்கில் பிழை பெரும்பாலும் அலகில் இருக்கும். 2 மீ நீளம், 1.5 மீ அகலம், 1.2 மீ ஆழமுள்ள சம்ப்பில் எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கும்? பெருக்கி 3.6 என்று சரியாகப் போட்டு, பக்கத்தில் லிட்டர் என்று எழுதிவிடுவார்கள். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற பிள்ளையிடம் பாடம் நடத்தத் தேவையில்லை. 'ஒரு குடத்துக்குச் சுமார் 15 லிட்டர்னு வெச்சுக்கோ. உன் சம்ப்பு கால் குடம்தான் பிடிக்குமா?' என்று கேட்டால் சிரித்துக்கொண்டே திருத்தும். 1 கன மீட்டர் 1000 லிட்டர், ஆகவே 3600 லிட்டர், அதாவது 240 குடம்.

பத்தாம் வகுப்புக்கு வந்தால் முக்கோணவியலில் உயரமும் தூரமும். இங்கே படம் தப்பினால் எல்லாம் தப்பு. 60 மீ உயரக் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து காசிமேட்டுப் படகு ஒன்று 30° இறக்கக் கோணத்தில் தெரிகிறது, விளக்கின் அடியிலிருந்து படகு எவ்வளவு தூரம் என்று கேள்வி இருக்கட்டும். பத்தில் பாதிப் பேர் அந்த 30°-ஐ விளக்குக் கோபுரத்துக்கும் பார்வைக் கோட்டுக்கும் நடுவில் குறிப்பார்கள். உச்சியில் இருக்கும் கோணம்தானே, முக்கோணத்துக்குள்ளே இருக்க வேண்டும் என்ற நினைப்பு. விடை 34.64 மீ வரும். வரிகளில் ஒரு பிழையும் இருக்காது, அதனால் நம் கண்ணுக்கும் தப்பிவிடும்.

படம் வரையும் வரிசையைச் சொல்லிக்கொடுங்கள். முதலில் உச்சியிலிருந்து கிடைமட்டமாகப் புள்ளிக்கோடு. அதிலிருந்து கீழ்நோக்கி 30° திருப்பிப் பார்வைக் கோடு. புள்ளிக்கோடும் கடல்மட்டமும் இணை என்பதால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம், ஆகப் படகிலும் 30°. இப்போது டேன் 30° = 60 / தூரம். தூரம் 60√3, அதாவது 103.92 மீ. சரிபார்க்க ஒரு சின்ன வழி உண்டு: 45° என்றால் தூரமும் உயரமும் சமம். கோணம் 45°-க்குக் குறைந்தால் படகு உயரத்தைவிட அதிகத் தூரத்தில் இருந்தாக வேண்டும். 34.64 அங்கேயே அடிபட்டுப்போகும்.

எந்தப் பிள்ளைக்கானாலும் தப்பான வரியைத் திருத்தியதும் நிறுத்திக்கொள்ளுங்கள், மீதியை அது போடட்டும். முடித்ததும் எண்ணை மாற்றி ஒரு கணக்கு கொடுங்கள். அதையும் போட்டால்தான் சந்தேகம் தீர்ந்ததாகக் கணக்கு. புத்தகத்தின் பின்பக்க விடையோடு ஒத்துவரவில்லை என்றால் பிள்ளையை மட்டும் குறை சொல்லாதீர்கள், அச்சுப்பிழையும் உண்டு. விடையைக் கேள்வியில் பிரதியிட்டுப் பாருங்கள். மாநிலப் பாடநூலின் தமிழ், ஆங்கிலப் பதிப்புகள் இரண்டும் இணையத்தில் இலவசம், கேள்வியை இரண்டிலும் ஒப்பிட்டால் பிழை எங்கே என்று தெரிந்துவிடும்.

பெற்றோர் கேட்பது வேறு மாதிரி. 'விடை கரெக்ட்டா வந்திருக்கு, மிஸ் ஏன் சார் மார்க்கைக் குறைச்சாங்க?' ஆசிரியர் பக்கமோ அம்மா பக்கமோ சாயாமல் விடைத்தாளைக் காட்டச் சொல்லுங்கள். 5 மதிப்பெண் கேள்வியில் சூத்திரம், பிரதியிடல், சுருக்கல், அலகோடு விடை என்று படிப்படியாக மதிப்பெண் பிரிந்திருக்கும். எந்தப் படி காணவில்லை என்று விரல் வைத்துக் காட்டினால் கோபம் பாதி இறங்கிவிடும்.

'பாஸாவது பண்ணிடுவானா?' என்பதற்கு ஆறுதலைவிடக் கணக்கு உதவும். மாநிலப் பாடத்திட்டத்தில் இப்போதுள்ள பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி 14. இரண்டு மதிப்பெண்ணில் 10 எழுத வேண்டும், ஐந்து மதிப்பெண்ணில் 10, எட்டு மதிப்பெண்ணில் 2. மொத்தம் 100, தேர்ச்சிக்கு 35. எட்டு மதிப்பெண் இரண்டும் செய்முறை வடிவியலும் வரைபடமும். 'ஜியாமெட்ரியும் கிராஃபும் போட்டா பாஸ்' என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு, அதை நம்பவிடாதீர்கள். அந்த 16-ஓடு ஒரு மதிப்பெண் 14-ம் முழுதாக வந்தாலும் 30 தான். இரண்டு மதிப்பெண்ணில் மூன்று கேள்வியாவது சரியாக எழுதினால் 36. ஆகவே திணறுகிற பிள்ளைக்கு வரைபடம், ஒரு மதிப்பெண், பிறகு எளிதான இரண்டு மதிப்பெண் என்று வரிசைப்படுத்திக் கொடுங்கள்.

'நான் அஞ்சாவதுதான் படிச்சேன், வீட்ல என்ன சொல்லித்தர்றது?' என்று கேட்கும் அம்மாவுக்கும் ஒரு வேலை உண்டு. பிள்ளை போட்ட கணக்கில் ஏதாவது ஒரு வரியைத் தொட்டு, 'இது எப்படி வந்துச்சு, சொல்லு' என்று கேட்டால் போதும். சொல்ல முடியாத வரியில் ஒரு சுழி போட்டு அனுப்பச் சொல்லுங்கள். நமக்கு வேண்டியது அந்தச் சுழிதான்.

ஆசிரியர்கள் கேட்கும்போது விடை அவர்களுக்குத் தெரியும். வகுப்பில் 'ஏன்?' என்று ஒருவன் கேட்டுவிட்டான், அதற்கு என்ன சொல்வது என்பதுதான் அவர்கள் பாடு. மைனஸும் மைனஸும் ஏன் ப்ளஸ்? கடன், நண்பன், எதிரி என்று கதை கட்டாமல் அட்டவணை எழுதுங்கள்: 2 × (−2) = −4, 1 × (−2) = −2, 0 × (−2) = 0. விடை ஒவ்வொரு படியிலும் 2 கூடுகிறது, அடுத்த வரி (−1) × (−2) = 2. ஒன்பதாம் வகுப்பானால் பங்கீட்டுப் பண்பு: (−1) × (2 + (−2)) பூச்சியமாக வேண்டும், பிரித்தால் −2 + (−1)(−2), அது பூச்சியமாக இரண்டாவது உறுப்பு +2 ஆகியே தீர வேண்டும். 1 ஏன் பகா எண் இல்லை என்பது ஒரு வரி: சேர்த்தால் 6 = 2 × 3 = 1 × 2 × 3 = 1 × 1 × 2 × 3 என்று காரணிப்படுத்தல் ஒன்றாக நிற்காது.

√16 நான்கா, கூட்டல்-கழித்தல் நான்கா என்பதில் ஆசிரியர்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடக்கும். √ குறி எப்போதும் குறை எண் அல்லாத மூலத்தைத்தான் குறிக்கும், √16 = 4. எக்ஸ் ஸ்கொயர் = 16 என்ற சமன்பாட்டுக்குத்தான் 4, −4 என இரு தீர்வுகள். இது வெறும் வாதமில்லை, வர்க்கப் பூர்த்தி முறையில் மதிப்பெண்ணைத் தின்னும். எக்ஸ் ஸ்கொயர் + 6எக்ஸ் − 7 = 0 என்பது (எக்ஸ் + 3)² = 16 ஆகிறது. இந்த வரியில் ± போடாத பிள்ளை எக்ஸ் = 1 என்று முடித்துவிடும், −7 காணாமல் போகும். கேள்வியில் முறை சொல்லியிருந்தால் அந்த முறையிலேயே போடவையுங்கள், காரணிப்படுத்தலைத் தனியாகச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் நேரமில்லாவிட்டால் மூலங்களைக் கூட்டச் சொல்லுங்கள்: −6 வர வேண்டும். பெருக்கினால் −7.