ஆரோக்கியபச்சை விஷயத்தில் நடந்த தவறுகள்

பழங்குடி மக்களின் காட்டறிவை வைத்துத் திட்டம் போடுகிறவர்கள், வழிகாட்ட வந்த நாலு பேரையே மொத்தச் சமூகமாக எண்ணிக்கொள்கிறார்கள். அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

1987-இல் அகத்தியமலைக்கு ஆய்வுக்குப் போன தாவரவியலாளர் புஷ்பாங்கதன் குழுவினர் ஏறி ஏறிக் களைத்துப்போனார்கள். கூட வந்த, அந்த மலையின் பழங்குடியினரான காணிக்காரர்களோ ஏதோ ஒரு காயை வாயில் போட்டுக்கொண்டு சளைக்காமல் நடந்தார்கள். என்னவென்று கேட்டால் முதலில் சொல்லவில்லை. வெளியாருக்குச் சொல்லும் விஷயமில்லை அது. பிறகு காட்டிய செடிதான் ஆரோக்கியபச்சை. அதன் இலையோடு வேறு மூலிகைகளும் சேர்ந்து ‘ஜீவனி’ மருந்தானது. 1995-இல் அதைத் தயாரிக்கும் உரிமம் கோவை நிறுவனம் ஒன்றுக்குப் போனது: கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி, இரண்டிலும் காணிகளுக்குப் பாதி. இப்படிப் பலனைப் பகிரச் சொல்லும் பல்லுயிர்ச் சட்டம் 2002-இல்தான் வந்தது. அதற்கு முன்பே இப்படிப் பங்கு கொடுத்தது பெரிய விஷயம்தான்.

ஆனால் அதே 1995-இல், ‘பிலாத்தி’ எனப்படும் காணி வைத்தியர்கள் ஒன்பது பேர், எங்கள் அறிவைத் தனியாருக்கு விற்காதீர்கள் என்று கேரள முதல்வருக்கு எழுதினார்கள். வைத்தியத்தைக் காப்பவர்களை விட்டுவிட்டு ஒப்பந்தம் போட்டால் வேறென்ன நடக்கும்? பணத்தை வாங்கிக்கொள்ளும் அறக்கட்டளையே 1997-இல்தான் பதிவானது. அதுவும் கேரளக் காணிகளுக்கானது. மலைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், பாபநாசம், பேச்சிப்பாறைப் பகுதிகளில் இருக்கும் காணிகளிடம் இல்லாத அறிவா அது?

அடுத்து, அறிவுக்குப் பங்கு கொடுத்துவிட்டுக் காட்டு வாசலை அடைப்பது. மருந்துக்கு இலை போதும், பறித்தால் மறுபடி துளிர்க்கும். செடியோடு பிடுங்கி விற்றுவிடுவார்கள் என்று வனத்துறை தடுத்ததில் இலை வரத்து சுணங்கியது. எவ்வளவு பறிக்கலாம் என்பதைக் காணிகளோடு உட்கார்ந்து முடிவுசெய்திருக்கலாம்.

அப்புறம் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு, அதாவது ஊரில் உள்ள உயிரினங்களையும் அவற்றைப் பற்றி மக்களுக்குத் தெரிந்ததையும் எழுதிவைக்கும் ஏடு. 2020 ஜனவரிக்குள் முடிக்காத மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும் பதிவேடுகள் அவசரமாக நிரம்பின. செடியின் பெயர், எதிரே ‘மருந்துக்கு உதவும்’ என்று ஒரு வரி. இது யாருக்கும் உதவாது. எந்த மாதம், எந்தப் பகுதி, எவ்வளவு விட்டுவைப்பது என்று கேட்க வேண்டும். ஊர்க்காரர்கள் எழுத வேண்டாம் என்று சொல்வதை எழுதாமல் விட்டுவிட வேண்டும்.