பழைய கேம்பாய் கேட்ரிட்ஜில் சேவ் நிற்கவில்லையா? பேட்டரி மாற்றும் முறை

கிறிஸ்துமஸ் பரிசாகக் கேம்பாயும் (நின்டெண்டோவின் பழைய கையடக்க கேம் கருவி) சில பழைய கேட்ரிட்ஜ்களும் கைக்கு வந்தால், முதல் நாளே இந்தத் தொல்லை தெரிந்துவிடும். கேம் நன்றாக ஓடும், சேவ் ஆனதாகவும் சொல்லும். அணைத்துவிட்டுப் போட்டால் எல்லாம் காலி. கேட்ரிட்ஜைத் தூக்கிப் போடாதீர்கள். இவற்றில் பெரும்பாலானவற்றில் சேவ் விவரங்கள் இருப்பது எஸ்ராம் (SRAM) என்ற நினைவகச் சிப்பில். மின்சாரம் நின்றதும் அது மறந்துவிடும். அதற்கு உயிர் கொடுப்பது உள்ளே இருக்கும் 3 வோல்ட் காசுவடிவ லித்தியம் பேட்டரிதான்.

வேண்டியவை: 3.8 மி.மீ. கேம்பிட் (இந்தக் கேட்ரிட்ஜ் ஸ்க்ரூவுக்கான) ஸ்க்ரூடிரைவர், சால்டரிங் அயர்ன், ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை), 63/37 ஈயம் (63% வெள்ளீயம், 37% காரீயம் கலந்த சால்டர்), மல்டிமீட்டர், ஒட்டுவதற்கான உலோகத் தகடு (tab) வைத்த பேட்டரி. பிளாஸ்டிக் பேனாவை உருக்கி ஸ்க்ரூவில் அழுத்தித் திறக்கும் குறுக்குவழி வேண்டாம். கேம்பாய் அட்வான்ஸ் கேட்ரிட்ஜ் என்றால் ட்ரை-விங் (மூன்று கை வடிவ) பிட் தேவை.

பேட்டரி அளவைத் திறந்து பார்த்த பிறகே வாங்குங்கள், எண் பேட்டரி மேலேயே இருக்கும். போக்கிமான் கோல்டு, சில்வர், கிரிஸ்டலில் சிஆர்2025. அவற்றில் கடிகாரமும் ஓடுவதால் பேட்டரி சீக்கிரம் தீரும். கேம்பாய் அட்வான்ஸின் போக்கிமான் ரூபி, சஃபையரில் சிஆர்1616. அங்கே சேவ் ஃப்ளாஷ் மெமரியில் இருக்கிறது, பேட்டரி கடிகாரத்துக்கு மட்டுமே.

பழைய பேட்டரியில் இன்னும் உயிர் இருந்து, உள்ளே யாரோ சேர்த்த சேவும் இருந்தால் முதலில் நகல் எடுங்கள். கேட்ரிட்ஜைக் கணினியோடு இணைக்கும் ஜிபிஎக்ஸ்கார்ட் ஆர்டபிள்யூ கருவியும் ஃப்ளாஷ்ஜிபிஎக்ஸ் மென்பொருளும் போதும். பேட்டரியைக் கழற்றினால் அந்த சேவ் திரும்பி வராது.

இனிதான் பலரும் தடுமாறும் இடம். கழற்றுமுன் + , − எந்தப் பக்கம் என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அயர்னை 350 டிகிரி செல்சியஸில் வைத்து, பழைய ஈயத்தின் மேல் ஃப்ளக்ஸும் கொஞ்சம் புது ஈயமும் சேருங்கள். இரண்டும் கலந்தால் சுலபமாக உருகும். உருகி மினுங்கும்போது மட்டும் பேட்டரியின் தகட்டை மெல்லத் தூக்குங்கள். ஆறியபின் இழுத்தால் பேடு (போர்டில் ஈயம் ஒட்டும் செம்புப் பகுதி) போர்டிலிருந்து பிய்ந்து வரும். மைனஸ் பக்கம் அடம்பிடிக்கும், ஏனென்றால் அது அகலமான கிரவுண்ட் செம்போடு சேர்ந்திருக்கிறது, சூட்டை அது இழுத்துக்கொள்கிறது. ஊசிமுனைக்குப் பதில் உளிமுனை டிப் போட்டால் வேலை முடியும். அழுத்தம் கூட்டுவதால் பயனில்லை. பேடு பிய்ந்துவிட்டாலும் வழி உண்டு: அது போய்ச் சேரும் தடத்தின் பச்சைப் பூச்சைச் சுரண்டி, மெல்லிய கம்பி இழுத்து ஒட்டலாம்.

புதியதைத் திசை பார்த்து வைத்து ஒவ்வொரு பக்கமும் 3 விநாடிக்குள் ஒட்டிவிடுங்கள். தகடு இல்லாத பேட்டரி மீது நேரடியாக அயர்ன் வைப்பது ஆபத்து, வெடிக்கலாம். செல்லோடேப் ஒட்டிப் பேட்டரியை நிறுத்துவோரும் உண்டு. ஒரு குலுக்கலில் தொடர்பு விட்டுப்போகும், சேவும் போகும். எல்ஐஆர் வகை ரீசார்ஜ் பேட்டரியும் வேண்டாம், அதன் வோல்டேஜ் வேறு.

பேடுகளில் மல்டிமீட்டர் சுமார் 3 வோல்ட் காட்டினால் மூடலாம். முதல்முறை சேவ் கெட்டுப்போனதாகக் கேம் சொன்னால் பயப்படாதீர்கள். எஸ்ராமில் அர்த்தமற்ற தரவு நிறைந்திருக்கும், புது கேம் தொடங்கி சேவ் செய்யுங்கள். அணைத்து, கேட்ரிட்ஜைக் கழற்றிச் சில நிமிடம் விட்டுப் பாருங்கள்.

இன்னும் நிற்கவில்லையா? கேட்ரிட்ஜ் முனையில் இருக்கும் உலோகத் தொடர்புகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். வாயால் ஊதுவது ஈரத்தைத்தான் உள்ளே தள்ளும். அப்படியும் ஆகாவிட்டால் போர்டைப் பாருங்கள். நின்டெண்டோ என்ற அச்சே இல்லாவிட்டால் அது போலியாக இருக்கலாம், சிலவற்றில் பேட்டரிக்கான இடமே இருக்காது.

கழற்றிய பேட்டரியின் இரு பக்கமும் செல்லோடேப் ஒட்டி, மின்கழிவில் சேருங்கள்.