மலையில் மனநல ஆலோசனை: பயிற்சிக் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவ உளவியல் பயின்று, களப்பயிற்சிக்காக நீலகிரிக்கு வருபவர்கள் பெரும்பாலும் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போதே தவறிவிடுகிறார்கள். 'டாக்டர்' என்று அழைக்கப்படுவதைச் சிலர் திருத்துவதில்லை. இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம், 1992இன்படி பதிவு பெற்றவரே மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்யலாம். ஆகவே, தாம் பயிற்சியில் இருப்பதையும், மருந்து எழுதித் தருபவர் அல்லர் என்பதையும், மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பணிபுரிவதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். மாத்திரைச் சீட்டுக்காகக் காத்திருந்து, வெறுங்கையோடு கோத்தகிரிப் பேருந்தில் ஏறியவர் மறுமுறை வருவது அரிது.

எதிரே அமர்ந்திருப்பவர், தம் குறையைச் சொல்லுமுன், "நீங்க எந்த ஊரு தம்பி, யாரு வீடு?" என்று கேட்பார். தொழில்முறை எல்லை என்று படித்ததை நினைத்துக்கொண்டு பேச்சை மாற்றுபவர், கதவைத் தாமே சாத்திக்கொள்கிறார். ஒரு ஹட்டியில் (இங்குள்ள படுகர் சமூகத்தவரின் சிற்றூர்) நடப்பது மாலைக்குள் அடுத்த ஹட்டிக்குத் தெரிந்துவிடும் இடத்தில், தாம் சொல்லப்போவது எங்கே போய்ச் சேரும் என்பதை அளந்து பார்க்கும் கேள்வி அது. ஊரைச் சொல்லலாம்; "உங்க சித்தப்பாவை எனக்குத் தெரியுமே" என்று உறவு கொண்டாடுவதுதான் கூடாது, அவர் அஞ்சியதே அதற்குத்தான். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 23ஆம் பிரிவு தரும் இரகசியக் காப்புரிமையை எளிய சொற்களில் விளக்கி, உயிருக்கு ஆபத்து என்றால் அதற்கு விலக்கு உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அடுத்தது, ஒரே சிகிச்சைமுறையைக் கட்சிபோலப் பிடித்துக்கொள்வது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய, எண்ணங்களை ஆராய்ந்து மாற்றப் பழக்கும் அறிவாற்றல் சிகிச்சையின் பயனில் எனக்கு ஐயமில்லை. ஆனால், கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த, கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வாழும் பெண்ணிடம் எண்ணங்களைக் குறித்துவரச் சொல்லித் தாளைக் கொடுத்தனுப்பி என்ன பயன்? "காலையில கொழுந்துக் கூடையைத் தூக்குறப்ப மனசுல என்ன ஓடுச்சு?" என்று வாய்மொழியாகக் கேட்டாலே போதும். அவர் மனச்சோர்வு என்ற சொல்லைப் பயன்படுத்தமாட்டார். "நெஞ்சு அடைக்குது, தலை பாரமா இருக்கு" என்பார். அதை உடனே மனநோய் என்று முடிவுகட்டுவதும் தவறே. இரத்தசோகையும் தைராய்டுக் குறைபாடும் இதே அசதியைத் தரும் என்பதால், உடற்பரிசோதனையை வலியுறுத்த வேண்டும். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9 வினாத்தாளின் ஒன்பதாவது கேள்வி, இறந்துபோவதே மேல் என்ற எண்ணம் வருகிறதா என்பது. கூச்சத்தால் அதை விரைந்து கடப்பவர்கள் பலர்; கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை.

படுகரோ, பழங்குடியினரான பணியரோ தம் மொழியிலேயே பேச விரும்பினால், உடன்வந்த கணவரையோ மாமியாரையோ மொழிபெயர்க்க வைக்கக்கூடாது. அவர்களே வருத்தத்தின் காரணமாகவும் இருக்கலாம்.

அடுத்த அமர்வுக்கு வராதவரை 'ஒத்துழைக்கவில்லை' என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவதும் உண்டு. ஒரு அமர்வு என்பது அவருக்கு ஒரு நாள் கூலி இழப்பு. சம்பள நாளையும் கடைசிப் பேருந்தையும் கேட்டறிந்து நேரம் குறிக்கலாம். மண்சரிந்து சாலை அடைபடும் மழைக்காலத்துக்காக, 24 மணி நேரமும் இயங்கும் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மனஸ் எண் 14416ஐ அவரது கைபேசியில் பதிந்து, ஒருமுறை அழைத்தும் காட்டலாம்.