மாசியில் பாலைவனம்: செட்டிநாட்டிலிருந்து கிளம்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெய்சல்மர் பக்கமுள்ள பாலைவன தேசியப் பூங்காவுக்கு மூன்று நாள் போய்வரலாம் என்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பேச்செடுத்தால், "பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும்" என்ற பதில்தான் முதலில் வரும். முதல் தவறும் அதுதான். பரீட்சை முடிவதற்குள் சித்திரை வந்துவிடும். அப்போது தார் பாலைவனத்தில் பகல் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். போக வேண்டிய காலம் மாசி. அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை.

மாசியைச் சொல்வதற்கு வெயில் மட்டும் காரணமில்லை. குளிர்காலத்துக்கு வந்த வலசைப் பறவைகள் அப்போது இன்னும் கிளம்பியிருக்காது. மார்ச் கடைசியில் போனால் பாதி போயிருக்கும். குளிர் முழுக்க வளைக்குள் அடைந்து கிடந்த முள்வால் பல்லிகள் (அங்கே சாண்டா என்பார்கள்) வெயில் காய வெளியே வருவதும், அவற்றைப் பிடிக்கக் கழுகுகள் வட்டமிடுவதும் இந்தச் சமயத்தில்தான். ரோகிடா மரம் மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பூத்து நிற்கும். ராஜஸ்தானின் மாநில மலர் அது. இவை எல்லாம் ஒன்றுசேரும் நாட்கள் வருடத்தில் கொஞ்சம்தான்.

தேதி குறிக்கும்போது ஹோலியையும் பாருங்கள். அந்தப் பௌர்ணமி சில வருடம் மாசி மகத்தை ஒட்டி வரும், சில வருடம் பங்குனி உத்திரத்தை ஒட்டி வரும். அந்த வாரம் ஜெய்சல்மரில் அறை வாடகையும் ஏறும், கூட்டமும் ஏறும்.

அடுத்தது, "நம்ம ஊர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு அது என்ன வெயில்" என்ற நினைப்பு. நம் பக்கம் வியர்த்தால் சட்டை முதுகில் ஒட்டும், உடனே தண்ணீர் தேடுவோம். அங்கே காற்று அவ்வளவு உலர்ந்தது. வியர்வை வந்த தடம் தெரியாமலே ஆவியாகிவிடும். தாகம் எடுப்பதற்குள் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும், தலைவலிதான் முதலில் சொல்லும். அதனால் தாகத்தை நம்பாமல், அரை மணிக்கு ஒரு தரம் என்று நேரம் வைத்துக் குடிக்க வேண்டும். உப்புக் கரைசல் பொட்டலம் நாலைந்து பையில் இருக்கட்டும். ராத்திரி நேர்மாறு. பிப்ரவரியில் 10 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும். விடியற்காலை திறந்த ஜீப்பில் காற்று முகத்தில் அறையும்போது, கம்பளி இல்லாமல் வந்த அப்பத்தாவின் பாடு திண்டாட்டமாகிவிடும்.

விடிவதும் நம் ஊர்க் கணக்கில் இல்லை. ஜெய்சல்மர் இவ்வளவு மேற்கே இருப்பதால், காரைக்குடியைவிட அரை மணி நேரத்துக்கு மேல் பிந்தித்தான் சூரியன் வரும். மாசியில் ஏழு மணியை ஒட்டித்தான் வெளிச்சம். வண்டிக்கு நேரம் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள்.

பயண நேரத்தைக் குறைத்துக் கணக்கிடுவதும் வழக்கமாக நடக்கிறது. ஜோத்பூரில் இறங்கினால் ஜெய்சல்மருக்கு இன்னும் 280 கிலோமீட்டர், சாலையில் ஐந்து மணி நேரம். மூன்று நாள் என்பது ஜெய்சல்மரில் கழிக்கும் மூன்று நாளாக இருக்கட்டும். போக ஒன்று, வர ஒன்று தனி.

சரி, இப்போது எல்லாவற்றிலும் பெரிய தவறு. பூங்கா என்றால் மணல் மேடு, ஒட்டகம், கூடாரம், ராத்திரி ஆட்டம் என்று நினைத்துக்கொள்வது. அது ஜெய்சல்மருக்கு மேற்கே 40 கிலோமீட்டரில் இருக்கும் சாம் மணல்மேட்டின் சுற்றுலாப் பகுதி. பலர் அதோடு திரும்பிவந்து "பாலைவனப் பூங்கா பார்த்தாச்சு" என்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் மனசு ஆறாது. 3,162 சதுர கிலோமீட்டர் பரந்த அந்த இடத்தில் மணல்மேடு கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் சேவண் புல்வெளி, கல்தரை, முட்புதர், நடுநடுவே ஊர்கள், மேய்ச்சல் ஆடுகள். நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னிதான் அங்கே ஊருக்கு ஊர் நிழல் தருகிறது, கேஜ்ரி என்பார்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் கானமயில் என்ற பெரிய பறவை வாழ்வது இந்தப் புல்வெளியில். அதைப் பார்க்க வேண்டுமென்றால் பூங்காவுக்குள் இருக்கும் சுதாசரிப் பக்கம் போக வேண்டும். அதற்கு ஜெய்சல்மரில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் அனுமதி, உள்ளூர் வழிகாட்டி, ஜீப் மூன்றையும் முதல் நாளே ஏற்பாடு செய்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கி அலுவலகம் பூட்டியிருக்கிறதே என்று நிற்காதீர்கள்.

கானமயில் ஒரு மீட்டர் உயரம் நிற்கும், ஆண் பறவை 15 கிலோ வரை எடை வரும். காட்டில் மிஞ்சியிருப்பது 150க்கும் குறைவு. பெட்டை பெரும்பாலும் வருடத்துக்கு ஒரே முட்டைதான், அதுவும் வெறுந்தரையில் இடும். அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. உயர்மின் கம்பியில் மோதிச் சாவது இதனால்தான். இப்படிப்பட்ட பறவையைப் படம் எடுக்கிறேன் என்று ஓட்டுநரிடம் "இன்னும் கொஞ்சம் கிட்டே விடுங்க" என்று கேட்பது பெரிய கொடுமை. வண்டித் தடத்தை விட்டுப் புல்லில் இறங்கவே கூடாது. தொலைநோக்கி ஒன்று வாங்கிப் போங்கள், அல்லது இரவல் வாங்குங்கள். பார்க்கக் கிடைக்காமலும் போகலாம். அன்றைக்குச் சிங்காரா மானும் பாலை நரியும் பாறுக் கழுகும் உண்டு.

உடையில் வெள்ளை வேண்டாம், தூரத்திலேயே பளிச்சென்று தெரியும். மண் நிறமே நல்லது. செருப்புக்குப் பதில் மூடிய ஷூ. புல்லில் ஒட்டுமுள் ஏராளம், சுருட்டை விரியனும் உண்டு.

மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வந்த சொந்தக்காரர்களையும் சேர்த்துப் போகிறீர்களா? இந்தப் பக்கம் பாகிஸ்தான் எல்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் எல்லையை ஒட்டிய சில பகுதிகளுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். அவர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் முன் மாவட்ட நிர்வாகத்திடம் விசாரித்துவிடுங்கள்.

அப்புறம் கட்டுச்சோறு. நாம் புளியோதரையும் சீடையும் இல்லாமல் ஊர் தாண்டுவதில்லை, கொண்டுபோவதில் தப்பில்லை. மிச்சத்தை "ஏதாவது பிராணி சாப்பிடட்டும்" என்று புல்வெளியில் போடுவதுதான் தப்பு. அந்த வாசத்துக்கு வருவது தெருநாய்கள். அவை கானமயிலின் முட்டையையும் குஞ்சையும் தின்னும், சிங்காரா மானைத் துரத்திக் கடிக்கும். மீந்த சோற்றையும் இலையையும் ஒரு பையில் கட்டி, ஜெய்சல்மர் வந்து குப்பைத்தொட்டியில் போடுங்கள்.