டிரெயினி சொலிசிட்டர் விண்ணப்பம்: திறன் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது எப்படி?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொலிசிட்டர் (கட்சிக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லி, சட்ட ஆவணங்களைக் கையாளும் வழக்கறிஞர்) ஆக வேண்டுமென்றால் பொதுவாக இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கட்டாயம். 2021இல் எஸ்.க்யூ.இ. என்ற சொலிசிட்டர் தகுதித் தேர்வு வந்த பிறகும் அது மாறவில்லை. பெரிய சட்ட நிறுவனங்கள் பல, இந்த அனுபவத்தைத் தரும் டிரெயினி (பயிற்சியாளர்) இடங்களுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு முன்னதாகவே ஆள் எடுக்கின்றன. அவற்றின் விண்ணப்பத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களே சறுக்கும் இடம் ஒன்று உண்டு: "நீங்கள் ஒருவரை இணங்க வைத்த சந்தர்ப்பத்தை 250 சொற்களில் விவரிக்கவும்" என்பது போன்ற திறன் கேள்விகள்.

1. கேள்வி எதைக் கேட்கிறது?

இணங்க வைத்தீர்கள் என்றால், முதலில் யாரோ மறுத்திருக்க வேண்டும். "நான் யோசனை சொன்னேன், எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்" என்பதில் மறுப்பே இல்லை. எனவே அது பதிலும் இல்லை.

2. சம்பவத்தைத் தேர்ந்தெடுங்கள்

மாணவர் சங்கத் தலைவர் பதவியைத்தான் எழுத வேண்டும் என்பதில்லை. சனிக்கிழமைகளில் கடையில் வேலை பார்த்த அனுபவம் பல நேரம் அதைவிட நன்றாக வரும். பதவி பெரிதா என்பதை விட, முடிவெடுத்தது நீங்களா என்பதே முக்கியம்.

3. எழுதுங்கள்

சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற நான்கு பகுதி வரிசையைப் பல வழிகாட்டிகள் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்பதும் முக்கியம். 250 சொற்களில் முதல் இரண்டுக்கும் சேர்த்து 60 போதும், செயலுக்கு 140 கொடுங்கள், மீதி விளைவுக்கு.

வழக்கமாக வரும் பதில் இப்படி இருக்கும்: "கடையில் பணியாற்றியபோது விநியோகஸ்தருடன் ஏற்பட்ட பில் பிரச்சினையைச் சிறந்த தகவல் தொடர்புத் திறனால் தீர்த்தோம்."

இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "ஒரே சரக்குக்கு இரண்டு பில் வந்திருப்பதைக் கவனித்தேன். விநியோகஸ்தர் தொலைபேசியில் மறுத்தார். மூன்று மாத டெலிவரி ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி, பில்களோடு ஒப்பிட்டு, பொருந்தாத இரண்டை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினேன். குற்றம் சாட்டாமல், அவர்களுடைய பதிவையும் சரிபார்க்கக் கேட்டேன். அடுத்த பில்லில் தொகையைக் கழித்துக்கொண்டார்கள்."

இரண்டாவதில் "திறன்" என்ற சொல்லே இல்லை. ஆனால் திறன் கண்ணுக்குத் தெரிகிறது.

4. வேலையோடு முடிச்சுப் போடுங்கள்

ஒரே வாக்கியம் போதும். நீதிமன்றத்துக்கான ஆவணத் தொகுப்பை அடுக்கிப் பக்க எண் இடுவது, ஒப்பந்தங்களைப் படித்துச் சிக்கல்களைக் குறிப்பது, கூட்டக் குறிப்பு எழுதுவது: டிரெயினியின் அன்றாடம் பெரும்பாலும் இவைதான். ரசீதுகளை அடுக்கியவர் இதை நீட்டி முழக்கத் தேவையில்லை. "எனக்குச் சட்டத்தின் மீது தீராத ஆர்வம்" என்ற வரியைத் தயவுசெய்து எழுதாதீர்கள். ஆர்வமில்லாதவர் ஏன் விண்ணப்பிக்கப் போகிறார்?

5. அனுப்பும் முன்

வேறு நிறுவனத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பதிலை நகலெடுப்பவர்களிடம் இது அடிக்கடி நடக்கிறது. சொல் வரம்பைத் தாண்டாதீர்கள்; பல படிவங்கள் மீதியை ஏற்பதே இல்லை. நடக்காததை எழுதவே வேண்டாம்: இந்தத் தொழிலில் சேரும்போது நேர்மையையும் பரிசீலிக்கிறார்கள்.

பதிலின் நகலைப் பத்திரமாக வையுங்கள். நேர்காணலில் அதை முன்னால் வைத்துக்கொண்டு, "விநியோகஸ்தர் மறுபடியும் மறுத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்று கேட்கக்கூடும்.